கரையில் ஒரு குருகு, சாளரத்தில் ஒரு பூனை

ஓவியம் என்பது சுவரில் மாட்டிக் கண்ணுக்கு விருந்தாகக் காண்பது என்ற எண்ணமே நம்மில் பலருக்கு உண்டு. அதைப் பாட்டைப் போலப் படிக்கவும் வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தவை ஜப்பானியரின் மரப்பலகை அச்சோவியங்கள். அலுவலக மாற்றல் காரணமாகக் குடும்பத்தைப் பிரிந்து வேற்றூரில் தங்கியிருந்த காலத்தில், அவ்வூர் நூலகத்தில் அவ்வோவியங்களின் தொகுப்பு ஒன்று கைக்குக் கிட்டியது. மாலை நேரங்களில் வேறு வேலை இல்லாதவனுக்கு அந்நூல் உற்ற துணையாயிற்று. நாரை, வாத்து, பூனை, நரி, கெண்டை, வண்டு, மூங்கில், பிளம் மரம் எனப் பக்கந்தோறும் உயிர்கள். அவற்றைப் பார்க்கப் பார்க்க என் நினைவுக்கு வந்தது ஜப்பான் நாடன்று. கல்லூரியில் படித்து, பின் கோப்புகளுக்கிடையே மறந்துபோன குறுந்தொகையும் அகநானூறுமே. ஏன் அவ்வாறு வந்தது என்று எண்ணியதன் விளைவே இக்கட்டுரை.

அவ்வோவியங்களைப் பற்றிச் சிறிது கூறிவிட்டு மேற்செல்வது நல்லது. 1603 முதல் 1868 வரை ஜப்பான் ஆட்சியின் இருக்கையாக விளங்கிய எடோ நகரமே, அதாவது இன்றைய தோக்கியோவே, அவற்றின் முதன்மையான பிறப்பிடம். ஓர் ஓவியம் ஒருவர் கையால் உருவாவதில்லை. ஓவியர் கோடுகளை மெல்லிய தாளில் வரைந்து தருவார். செதுக்குநர் அத்தாளைப் பலகையில் ஒட்டிக் கோடுகள் மட்டும் மேலெழுந்து நிற்குமாறு செதுக்குவார். அச்சிடுவோர் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிப் பலகை கொண்டு, வண்ணங்கள் இடம் பிறழாதபடி ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பார். இவ்வனைவரையும் கூட்டி முதலிட்டு நடத்துபவர் வெளியீட்டாளர். பல வண்ண அச்சு முறை 1765ஆம் ஆண்டில் சுசுகி ஹருநோபு என்பவரின் படங்களோடு முழுமை பெற்றது. பலகைக்குப் பெரும்பாலும் பயன்பட்டது காட்டுச் செர்ரி மரம். செர்ரிப் பூவின் படத்தையே செர்ரி மரத்தின் உடலில் செதுக்கி எடுத்தனர் என்பது எனக்கு ஏனோ மிகவும் பிடித்துவிட்டது.

அவை செல்வர் மாளிகைக்கென ஆக்கப்பட்டவை அல்ல. ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஆகும் செலவில் ஒரு படம் வாங்கலாம். எடோ பத்து இலட்சம் மக்கள் நெருங்கி வாழ்ந்த நகரம். அவர்களுள் கணிசமானோர் மாகாணங்களிலிருந்து பணி நிமித்தம் வந்து தங்கியோர். ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் மடித்து வைத்து எடுத்துச் செல்லத்தக்க பரிசாக இப்படங்கள் விளங்கின. பிழைப்பிற்காக ஊர்விட்டு ஊர் வந்த மக்களின் கலை என்பதனால், நம் போன்றோர் அதனை அயலதாகக் கருத வேண்டியதில்லை.

இனி அடையாளப் பொருளுக்கு வருவோம். இப்படங்களைப் பற்றி எழுதுவோர் பலரும் ஓர் அகராதியை நம் கையில் தந்துவிடுகின்றனர். நாரை ஆயிரம் ஆண்டு வாழ்வு. ஆமை பதினாயிரம் ஆண்டு வாழ்வு. அருவியை எதிர்த்து ஏறும் கெண்டை விடாமுயற்சி. இணைபிரியா மாண்டரின் வாத்து இல்லற அன்பு. பனிக்காலம் முடியுமுன் பூக்கும் பிளம் மலர் மன உறுதி. அதன் கிளையில் அமரும் உகுயிசு என்னும் சிறு பறவை இளவேனிலின் தூது. மூங்கிலோடு புலி, மேப்பிள் இலையோடு மான், நிலவோடு காட்டு வாத்து என இணைகளும் வகுக்கப்பட்டுள்ளன. இவை யாவும் உண்மையே. ஆனால் இவ்வகராதியைக் கையில் வைத்துக்கொண்டு படங்களைப் பார்த்தபோது, நல்ல படமும் நலிந்த படமும் எனக்கு ஒரே பொருளைத்தான் சொல்லின. எல்லா நாரையும் நீடுவாழ்வு என்றால், ஹிரோஷிகேயின் நாரைக்கும் திருமண வாழ்த்து மடலில் அச்சிட்ட நாரைக்கும் வேறுபாடு என்ன? கோப்புகளுக்கு அட்டவணை எழுதுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அட்டவணையின் பயனும் தெரியும். கோப்பினுள் இருக்கும் மனிதனின் முறையீடு அட்டவணையில் இராது என்பதும் தெரியும்.

அகராதிக்கு அடங்காத ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். ஹிரோஷிகே தம் இறுதிக் காலத்தில், 1856 முதல் 1858 வரை, எடோவின் புகழ்மிக்க காட்சிகளை நூற்றுக்கும் மேற்பட்ட படங்களாக வெளியிட்டார். அவற்றுள் 1857இல் வந்த ஒரு படம், அசகுசா வயல்வெளியைக் காட்டுவது. மாடி அறை ஒன்றின் சாளரம். அதன் கம்பிகளுக்குப் பின்னே குந்தியிருக்கிறது வெள்ளைப் பூனை ஒன்று. அது வெளியே பார்க்கிறது. வெளியே அந்தி வானம். தொலைவில் பூஜி மலை. காட்டு வாத்துகள் பறந்து செல்கின்றன. வயலுக்கு அப்பால் சேவல்நாள் விழாவிற்குச் செல்லும் மக்கள் எறும்பு வரிசை போல் நகர்கின்றனர். இவ்வளவே படம். ஆயினும் சாளரத் திண்டில் ஒரு கிண்ணமும் துண்டும் உள்ளன. தரையில், விழாவில் வாங்கிய கொண்டையூசிகள் தாளிற் பொதிந்தபடி கிடக்கின்றன. இடப்புறம் ஒரு மறைப்புத் தட்டியின் ஓரம் மட்டும் தெரிகிறது. அவ்வறை யோஷிவாரா என்னும் பரத்தையர் குடியிருப்பைச் சேர்ந்தது என்று அறிந்ததும் படம் முழுவதும் மாறிவிடுகிறது. தட்டிக்கு அப்பால் ஒரு பெண் இருக்கிறாள். அவளோடு விலை கொடுத்து வந்த ஒருவனும் இருக்கக்கூடும். ஓவியர் அவளைக் காட்டவில்லை. அவள் போக இயலாத வெளியை அவளது பூனை பார்த்துக்கொண்டிருக்கிறது.

இங்கே பூனைக்கு என்ன பொருள்? எந்த அகராதியும் இதற்கு விடை தராது. பூனை அப்பெண்ணுக்கு உவமை என்று சொன்னால் பாதி சரி. அது வெறும் பூனையாகவும் இருக்கிறது. மெத்தென்ற முதுகும் மடங்கிய காதும் கொண்ட, விழாக் கூட்டத்தைப் பற்றி எவ்விதக் கவலையும் இல்லாத பூனை. அவளுடைய துயரம் அதற்குத் தெரியாது. தெரியாத ஒன்றை அவள் இடத்தில் அமர்த்தியதனாலேயே நமக்குத் துயரம் தெரிகிறது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கபிலர் நினைவுக்கு வந்தார்.

குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாட்டை நினைவு கூர்க. தலைவனைத் தனியிடத்தில் கூடிய தலைவி, அவன் சொன்ன சொல் பொய்த்தால் தன் நிலை என்னாகும் என்று அஞ்சுகிறாள். அன்று அங்கே வேறு ஒருவரும் இல்லை. அவன் இருந்தான், ஒரு குருகு இருந்தது. தினைத் தண்டு போன்ற கால்களில் நின்று, ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த குருகு. ஒரு பெண்ணின் வாழ்வு முழுவதற்கும் அமைந்த சான்று அப்பறவை ஒன்றே. அதன் கண்ணோ மீனின் மேல். இதனைவிடக் கொடிய தனிமையை நான் வேறெங்கும் படித்ததில்லை. எடோ நகரத்துப் பூனைக்கும் இக்குருகிற்கும் இடையே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. செய்யும் தொழில் ஒன்றே. இரண்டும் மனிதனின் பக்கத்தில் நின்று, மனிதனைப் பாராமல், தம் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

என் மகளின் தமிழ்ப் பாடக் குறிப்பேட்டில் ஐந்திணைக்கும் கட்டம் கட்டிக் கருப்பொருள் அட்டவணை எழுதப்பட்டிருந்ததைக் கண்டேன். குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும், முல்லைக்குக் காட்டுக்கோழி, மருதத்திற்கு நாரையும் அன்னமும், இவ்வாறு. அவள் அதனைப் பிழையின்றி ஒப்பித்தாள். "கபிலர் பாட்டில் வரும் குருகு எந்தத் திணையம்மா?" என்று கேட்டேன். "நீர்ப்பறவைதானே அப்பா, மருதம், இல்லாவிட்டால் நெய்தல்" என்றாள். அட்டவணைப்படி அவள் விடை சரி. ஆனால் அப்பாட்டு குறிஞ்சித் திணையைச் சேர்ந்தது. பூவும் புள்ளும் தத்தம் நிலத்திற்கே உரியனவாய் நில்லாமல் பிற நிலத்திலும் வந்து பயிலலாம் என்பதைத் தொல்காப்பியரே ஏற்றுக்கொள்கிறார். இலக்கணம் வகுத்தவர் திறந்து வைத்த கதவைத் தேர்வுக் குறிப்பு எழுதியவர்கள் மூடிவிட்டார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. குழந்தைகளைக் குறை கூறிப் பயனில்லை. மதிப்பெண் கட்டத்திற்குத்தான் கிடைக்கிறது, குருகிற்குக் கிடைப்பதில்லை.

உள்ளுறை உவமம் பற்றி நம் உரையாசிரியர்கள் எழுதியவற்றில் பெரும்புலமை உண்டு. அவர்கள் தந்த திறவுகோல் இல்லையேல் எத்தனையோ பாடல்கள் நமக்குப் பூட்டியே கிடந்திருக்கும். எனினும் கதவு திறந்தபின் உள்ளே செல்லாமல் திறவுகோலையே போற்றிக்கொண்டு வாயிலில் நிற்பதும் உண்டு. அள்ளூர் நன்முல்லையார் பாடிய அகநானூற்றுப் பாட்டில் ஓர் எருமை வருகிறது. சேற்றுத் தொழுவத்தை வெறுத்து, ஊர் உறங்கும் இரவில் கட்டை அறுத்து, முள்வேலியைக் கொம்பால் விலக்கி, மீன்கள் சிதறி ஓட, வள்ளைக் கொடியை உழக்கிக்கொண்டு குளத்தில் இறங்கி, வண்டு மொய்க்கும் தாமரையை மேய்கிறது. இத்தகைய ஊரனே என்று, பரத்தை வீடு சென்று மீண்டவனைத் தோழி விளித்து வாயில் மறுக்கிறாள். எருமை தலைவன், கட்டு நாணம், வேலி காவல், தாமரை பரத்தை, வண்டு பாணன் என்று எண் போட்டு ஈடு சொல்லிவிடலாம். சொல்லி முடித்ததும் பாட்டு முடிந்துவிட்டதாக வகுப்பறையில் மணி அடிக்கும். ஆனால் தோழி ஏன் எருமையைத் தேர்ந்தாள்? திருட்டுத்தனமாக மேய்ந்துவிட்டு வாயோரம் கொடி தொங்கக் காலையில் ஒன்றும் அறியாததுபோல் வந்து நிற்கும் எருமையைக் கண்டவர்களுக்கு அதில் உள்ள ஏளனம் விளங்கும். எருமையை வளர்த்த கைக்கு அதன்மேல் சினம் நெடுநேரம் நிலைக்காது என்பதும் விளங்கும். அந்த ஏளனமும் இரக்கமும் எந்த ஈட்டுப் பட்டியலிலும் ஏறவில்லை; எருமையின் மேல்தான் இருக்கின்றன.

"நமக்கும் ஓவியம் இல்லையா, பாட்டையே சொல்கிறீரே" என்று கேட்கலாம். உண்டு. புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் முன்மண்டப விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. ஒருகாலத்தில் மகேந்திரவர்மன் காலத்தது எனக் கருதப்பட்ட அவ்வோவியங்களை, அங்குள்ள கல்வெட்டைக் கொண்டு ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தனவாக இன்று கொள்வர். குளம் நிறைய இலையும் மலரும். இடையே மீன்கள், வாத்துகள், யானைகள், எருமைகள். மலர் பறிக்கும் ஆடவர் மூவர். தீர்த்தங்கரர் அறவுரை நிகழ்த்தும் சமவசரணத்தைச் சூழ்ந்த நீர்நிலை அது என்று அறிஞர் விளக்குவர். விளக்கம் ஏற்புடையதே. ஆயினும் அண்ணாந்து பார்த்தபோது எனக்கு முதலில் தெரிந்தது சமவசரணம் அன்று; நன்முல்லையாரின் எருமை. தாமரைக்குள் இறங்கி நிற்கும் எருமையைப் பாட்டில் ஒருத்தி ஏளனம் செய்தாள்; துறவியர் உறைந்த குகையில் ஓவியன் அதனை வீடுபேற்று வழியில் நிறுத்தினான். விலங்கு அதே விலங்கு. குளமும் அதே குளம். ஆகவே அடையாளப் பொருள் என்பது விலங்கினுள் என்றைக்குமாக அடைத்து வைக்கப்பட்டதன்று. எந்த மனிதனுக்கு அருகில் அதனை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து அது பிறக்கிறது.

இதற்கு மறுதலையாகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்ணால் காணாத விலங்கைப் பாடினாலும் வரைந்தாலும் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானியப் புலி நல்ல சான்று. அந்நாட்டில் புலி கிடையாது. சீன ஓவியங்களையும் தோலையும் கண்டு வரைந்தார்கள். எனவே அவர்களது புலிகள் பலவற்றிற்குப் பூனை முகம். 1860ஆம் ஆண்டில் வெளிநாட்டிலிருந்து வந்த சிறுத்தையொன்று காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அதனையே புலி என்று சொல்லிப் படம் அச்சிட்டு விற்றனர். வீரத்தின் அடையாளமாகச் சொல்லப்படும் அப்புலிகளைக் கண்டு எவரும் அஞ்சியிருக்க மாட்டார்கள். நம் குறிஞ்சிப் புலியோ வேறு. குறுந்தொகையில் ஒரு பாட்டில், கரும்பாறையின்மேல் வேங்கைப் பூக்கள் உதிர்ந்து கிடப்பது புலிக்குட்டி போலத் தோன்றுகிறது. காதலன் இரவில் வரும் வழி அது. வேங்கை என்பது மரத்திற்கும் பெயர், புலிக்கும் பெயர். பூவா புலியா என்று இருளில் திகைக்கும் அச்சம், மலையில் நடந்தவனுக்கே வரும். என்னோடு பணிபுரிபவர் ஒருவர் நீரிழிவிற்கு நல்லதென்று வேங்கை மரக் குவளையில் நீர் ஊற்றி வைத்துக் குடிக்கிறார். அக்குவளையினுள் சங்கப் புலி ஒன்று படுத்திருக்கிறது என்று நான் சொன்னதை அவர் நகைச்சுவை என்றே எண்ணிக்கொண்டார்.

நம்மவர் குறையையும் மறைக்கலாகாது. பிற்காலக் கோவை நூல்களுக்கு வரும்போது அன்றிலும் அசுணமும் பெயரளவாகித் தேய்ந்துவிட்டன. பாடியவர் பறவையைப் பார்த்துப் பாடவில்லை. முன்னோர் பாட்டைப் பார்த்துப் பாடினார். சீனத்துத் தோலைப் பார்த்துப் புலி வரைந்த கதைதான் அது. இணைபிரியாத பறவைகளுக்குச் சங்கப் புலவர் மகன்றிலைச் சொன்னபோது, அவற்றிடையே ஒரு பூ வந்து மறைத்தாலே நெடும்பிரிவாகிவிடும் என்று குளத்தையும் பூவையும் சேர்த்துக் கண்டார். அந்தப் பூ இல்லாத மகன்றில் வெறும் சொல்.

இருவேறு மக்களும் விலங்கையும் மரத்தையும் ஏன் துணைக்கு அழைத்தார்கள்? நேரே சொல்ல முடியாதது ஒன்று இருந்ததனால் அழைத்தார்கள். தமிழில் அதனைத் தடுத்தது நாணம். அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்பது மரபு. ஜப்பானில் சிலபோது அதனைத் தடுத்தது அரசாணை. 1842ஆம் ஆண்டளவில், ஆடம்பரத்தை ஒடுக்குவதற்கென வந்த சட்டங்கள் நடிகர், பரத்தையர் உருவங்களை அச்சிடுவதைத் தடை செய்தன. குனியோஷி என்ற ஓவியர் சளைக்கவில்லை. 1846இல் யோஷிவாராவையே வரைந்தார். ஆனால் அதில் உலவும் அனைவருக்கும் சிட்டுக்குருவித் தலை. வாங்கியவர்களுக்குப் புரிந்தது, அதிகாரிகளுக்கும் புரிந்தேயிருக்கும், ஆனால் குருவியின்மேல் குற்றப்பத்திரிகை எழுதுவது எளிதன்று. அரசுப் பணியாளன் என்ற முறையில் அந்த அதிகாரிகளின் இக்கட்டை நான் நன்கு உணர்கிறேன்.

நம் அகப்பாடலுக்கு இன்னும் நெருக்கமானது உதமாரோ 1788இல் வெளியிட்ட பூச்சிகளின் படநூல். அதில் ஒவ்வொரு பக்கத்திலும் செடியும் பூச்சிகளும் வரையப்பட்டிருக்க, அப்பூச்சிகளைச் சாக்கிட்டுக் காதலைச் சொல்லும் நகைச்சுவைக் குறும்பாக்கள் அருகில் அமைந்துள்ளன. வெட்டுக்கிளியும் தும்பியும் நத்தையும் காதலுக்கு வாய் ஆகின்றன. நரம்பு தெரியும் தும்பியின் சிறகை அவ்வளவு நுட்பமாகச் செதுக்கிய கைகளைத் தொழலாம். ஆனால் பாக்கள் பல சொல் விளையாட்டோடு நின்றுவிடுகின்றன. படம் உயர்ந்தும் பாட்டு தாழ்ந்தும் போன இடம் அது என்பது மொழிபெயர்ப்பில் மட்டுமே படித்த என் எளிய கருத்து.

ஒரு வேற்றுமையைக் கூறாது விடுதல் முறையன்று. தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்தபோது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என எண்ணினார். ஆனால் உள்ளுறை உவமத்திற்கு நிலைக்களனைச் சொல்லும்போது தெய்வத்தை மட்டும் நீக்கிவிட்டார். எருமை தலைவனாகலாம், தாமரை பரத்தையாகலாம். முருகனை அவ்வாறு மறைபொருளாக்க இடமில்லை. ஜப்பானியப் படங்களில் இந்த வேலி இல்லை. ஹிரோஷிகேயின் அதே வரிசையில் 1857இல் வந்த மற்றொரு படத்தில், ஆண்டின் கடைசி இரவில் ஒரு பெருமரத்தடியில் நரிகள் கூடுகின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிறு தீ. அவை நெல்லுக்குரிய தெய்வமான இனாரியின் தூதர்கள். அத்தீக்களைக் கண்டு உழவர் வரும் ஆண்டின் விளைச்சலைக் கணித்தனர். அழகிற் குறைவில்லாத படம். எனினும் அந்த நரிகளின் முன் நான் வணங்கி நிற்கிறேன். பூனையின் பக்கத்திலோ அமர்ந்துவிடுகிறேன். தொல்காப்பியர் தெய்வத்தை விலக்கியது ஏன் என்பது எனக்கு அப்படத்தைப் பார்த்த பிறகே ஒருவாறு விளங்கியது.

மற்றொரு வேற்றுமை நம் வாழ்வைத் தொடுவது. ஜப்பானியர் பூவைப் பார்த்ததும் பருவத்தைக் கேட்கின்றனர். நாம் நிலத்தைக் கேட்கிறோம். முதற்பொருளில் நிலமும் பொழுதும் இரண்டும் உண்டெனினும், திணைகளுக்கு நாம் இட்ட பெயர்கள் நிலத்துப் பூக்களின் பெயர்கள். பருவம் எங்கு சென்றாலும் தேடி வரும். நிலம் வராது. அப்படியானால் நிலம் விட்டு வந்தவர்களுக்குத் திணை உண்டா? பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இக்கேள்வியை வேறு சொற்களில் நாள்தோறும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. பிள்ளைகளுக்குத் தமிழ் எதற்கு என்று உறவினர் கேட்கும்போது நாம் தடுமாறுவதும் இதனால்தான்.

சங்கப் புலவர் பட்டியலில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் இருக்கிறார். மதுரைக் கடைத்தெருவில் துணி விற்றவர். மலையையும் சுனையையும் காந்தளையும் அவர் பாடியிருக்கிறார். காலையில் கடை திறந்து முழம் போட்ட கைதான் குறிஞ்சியை எழுதியது. நகரத்தில் இருந்துகொண்டே நிலத்தை அறிந்தவர் அவர். நிலத்தைச் சொந்தம் கொண்டாடியவர் அல்லர். ஏ. கே. ராமானுஜன் 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் தமிழ் இலக்கண நூல் தேடிச் சென்றபோது உரையோடு கூடிய குறுந்தொகை கண்ணில் பட, அலமாரிகளுக்கிடையே தரையில் அமர்ந்து படிக்கத் தொடங்கிய செய்தியை அவரே எழுதியிருக்கிறார். 1967இல் அவரது ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பனி கொட்டும் ஊரின் நிலவறையில் வேங்கை பூத்திருக்கிறது என்றால் நம் வீடுகளில் ஏன் பூக்காது?

ஜப்பானியர்க்கும் தமிழர்க்கும் உறவு கற்பிக்கும் ஆராய்ச்சியைச் சில அன்பர்கள் இவ்விடத்தில் நினைவூட்டக்கூடும். சுசுமு ஓனோ என்னும் பேரறிஞர் இருமொழிச் சொற்களையும் பொங்கல் வழக்கங்களையும் ஒப்பிட்டு நெடுங்காலம் உழைத்தார். யாழ்ப்பாணத்து அறிஞர்களான சண்முகதாஸ் இணையர் அவரோடு துணை நின்றனர். அவர் உழைப்பிற்குத் தலைவணங்குகிறேன். மொழியியலார் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனக்கு அவ்வுறவு தேவைப்படவுமில்லை. பூனையும் குருகும் ஒத்திருப்பதற்கு இரத்த உறவு வேண்டாம். உயிர்களை உற்றுப் பார்க்கும் பொறுமையும், சொல்லாமல் விடும் அடக்கமும் இருந்தால் போதும்.

இடுக்கியில் இருக்கும் நம் மக்களுக்கு ஒரு பெரும்பேறு உண்டு. மூணாற்றுக்கு மேலே நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையை மூடிப் பூக்கிறது. 1994, 2006, 2018 எனப் பூத்தது. அடுத்து 2030இல் எதிர்பார்க்கிறார்கள். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தில் பாதைகள் சிதைந்து, காண வருவோர் குறைந்தனர். மனிதர் வராவிட்டாலும் பூத்தது. குறிஞ்சித் தேனைக் காதலோடு சேர்த்துப் பாடிய குறுந்தொகைப் பாட்டை வகுப்பில் ஒப்பிக்கும் பிள்ளையை, அவ்வாண்டு வரும்போது ஒருமுறை மலைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று பெற்றோரை வேண்டுகிறேன். பி. எல். சாமி அரசுப் பணியில் இருந்துகொண்டே சங்க இலக்கியச் செடிகொடிகளையும் பறவைகளையும் விலங்குகளையும் இனங்கண்டு நூல்களாக்கித் தந்திருக்கிறார். அந்நூல்களில் ஒன்றேனும் நம் சங்க நூலகத்தில் இருத்தல் வேண்டும்.

கோபாலபுரத்தில் எங்களுக்குக் குறிஞ்சி இல்லை. பொள்ளாச்சிச் சாலையில் எல்லையைக் கடந்து எங்கள் அன்னையார் இங்குக் குடிவந்தபோது, பாத்திர மூட்டையோடு ஒரு முருங்கைக் கொம்பையும் ஈரச்சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். கொல்லையில் நட்டார், துளிர்த்தது. அதில் காய் பறிக்க நாங்கள் ஏறினால் கடிந்துகொள்வார், கிளை ஒடிந்துவிடுமாம். நற்றிணையில் விளையாட்டாய்ப் புதைத்த விதை முளைத்து வளர்ந்த புன்னையைத் தங்கை என்று தாய் சொன்னதனால், அதன் நிழலில் காதலனோடு நகைத்துப் பேசத் தலைவி நாணுகிறாள். அப்பாட்டைக் கல்லூரியில் படித்தபோது மிகையென்று நினைத்தேன். இப்போது அந்த முருங்கை எனக்கு மூத்தது போல் நிற்கிறது, அம்மா இல்லை.

சென்ற மாதம் விடுமுறையில் மகளை அழைத்துக்கொண்டு சித்தூர்ப் பக்கம் வாய்க்கால் கரையில் நடந்தேன். மடையருகே பழுப்பு நிறப் பறவை ஒன்று அசையாமல் நின்றது. கால்கள் மங்கிய பச்சை. நாட்டுப்புறத்தார் அதனைக் குருட்டுக்கொக்கு என்பர்; ஆள் மிக அருகில் வரும்வரை அசையாததனால் கண் தெரியாது என்று எண்ணி இட்ட பெயர். குருகு என்பது நீர்ப்பறவைகள் பலவற்றிற்குப் பொதுப்பெயர். கபிலர் கண்டது இதுவே என்று எனக்குத் தோன்றியது. சான்றாக நின்றும் பார்க்காத பறவைக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் வேறில்லை. மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அது நம்மைப் பார்க்கவே இல்லை அப்பா" என்றாள். பிறகு குனிந்து, நீரில் ஆரல் தெரிகிறதா என்று தேடத் தொடங்கினாள்.